மலைப் பிள்ளைகளும் ஆங்கிலமும்

பழனி மலைக்கு ஆங்கிலம் தன் காலால் நடந்து ஏறி வரவில்லை; நம்மவர் தோளில் ஏறி வந்தது. 1845-ஆம் ஆண்டில் மதுரை அமெரிக்க மிஷன் பாதிரிமார், சமவெளியின் காய்ச்சலுக்கும் காலராவுக்கும் தப்ப, கொடைக்கானலில் முதல் இரண்டு பங்களாக்களைக் கட்டினார்கள். முதல் உலக யுத்த காலத்தில் மோட்டார் ரோடு முடிகிற வரையில், பெரியகுளத்துக்கு அருகே கிருஷ்ணமநாயக்கன் தோப்பிலிருந்து துரைமாரையும் துரைசானிகளையும் அவர்களுடைய குழந்தைகளையும் டோலியில் வைத்துத் தூக்கிக்கொண்டுதான் கூலிகள் மலையேறினார்கள். பெட்டி படுக்கை, சட்டி பானை எல்லாம் தலைச்சுமை.

அந்தக் கூலிகளுக்கும் கொஞ்சம் ஆங்கிலம் தெரிந்திருந்தது. ‘கம்’ என்றால் வர வேண்டும், ‘ஸ்டாப்’ என்றால் நிற்க வேண்டும். எந்தப் பள்ளிக்கூடமும் அதைச் சொல்லித் தரவில்லை. காதால் கேட்டார்கள், உடம்பால் செய்தார்கள், மனதில் நின்றுவிட்டது. பங்களா அடுப்பங்கரையில் வேலை பார்த்தவன் இன்னும் கொஞ்சம் கற்றுக்கொண்டு தன் போக்கில் வாக்கியம் கட்டினான். அதற்கு ‘பட்லர் இங்கிலீஷ்’ என்று பெயர் வைத்துச் சிரித்தார்கள் எஜமானர்கள். அந்த எஜமானர்கள் பேசிய தமிழைக் கேட்டு நம்மவர் வாய்விட்டுச் சிரிக்க முடியவில்லை. சிரித்திருந்தால் வேலை போயிருக்கும்.

ஆனால் ஒன்று. அந்த ஆங்கிலம் ஒரே திசையில் ஓடியது. மேலேயிருந்து உத்தரவு வந்தது. கீழேயிருந்து ‘எஸ் சார்’ போயிற்று. கேள்வி கேட்கிற ஆங்கிலமோ, ‘கூலி போதாது’ என்று சொல்கிற ஆங்கிலமோ உழைப்பாளிக்கு வாய்க்கவில்லை. தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு விளையாட்டின் மூலம் ஆங்கிலம் பேசக் கற்றுக் கொடுப்பது என்ற விஷயத்தை இந்த வாரம் நாம் எடுத்துக்கொண்டதற்குக் காரணம் இதுதான். குழந்தைகள் சமாசாரம், உபாத்தியாயர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று ஆலைத் தொழிலாளியும் விவசாயத் தொழிலாளியும் இதை ஒதுக்கிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம்.

இரண்டு பள்ளிக்கூடங்கள்

1901-இல் கொடைக்கானலில் ‘ஹைகிளர்க்’ என்ற பெயரில் ஒரு பள்ளிக்கூடம் ஆரம்பமாயிற்று. அமெரிக்க மிஷனரிகளின் பிள்ளைகளுக்காக ஏற்பட்டது அது. 1970-களில் அதுவே கொடைக்கானல் சர்வதேசப் பள்ளியாக மாறிற்று. நல்ல பள்ளிக்கூடம்தான், அதில் சந்தேகமில்லை. வகுப்பில் சில பிள்ளைகள், விளையாட இடம், நாடகம் போட மேடை, பாட வாத்தியங்கள் எல்லாம் உண்டு. அங்கே பிள்ளைகள் பேசிப் பேசியும், ஆடிப் பாடியும், கேள்வி கேட்டும் கற்கிறார்கள். வருஷத்துக்குப் பல லட்சம் ரூபாய் கட்டணம்.

அதே தாலுகாவில்தான் பூம்பாறையும் மன்னவனூரும் கவுஞ்சியும் கிளாவரையும் இருக்கின்றன. கீழ் மலையில் பண்ணைக்காடு, தாண்டிக்குடி, பாச்சலூர். கேரட் பறிக்கிறவர்கள், பூண்டு நடுகிறவர்கள், காப்பிக்கொட்டை பொறுக்குகிறவர்கள், மலைவாழைத் தார் சுமக்கிறவர்கள், காட்டில் தேனும் கடுக்காயும் எடுக்கிற பளியர்கள், 1964-ஆம் வருஷத்து சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து பெயர்த்தெடுத்து இங்கே கொண்டுவந்து விடப்பட்டவர்கள் ஆகியோருடைய பிள்ளைகள் படிக்கிற பள்ளிகள் அங்கே உள்ளன. ஐந்து வகுப்பு இருக்கும். பல இடங்களில் இரண்டே ஆசிரியர்கள் இருப்பார்கள். 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையே தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரையில் இரண்டு ஆசிரியர் போதும் என்கிறது. மலைக் கிராமத்தில் 60 பிள்ளைகளுக்கு எங்கே போவது? ஆகவே மலைக்குச் சட்டப்படியே இரண்டு பேர்தான். அதில் ஒருவர் ஆபீஸ் வேலையாகக் கொடைக்கானலுக்குப் பஸ் ஏறிவிட்டால் மிச்சம் ஒருவர்.

இந்த இரண்டாவது பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் எப்படி நடக்கும் என்று நம் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நாமெல்லோரும் அப்படிப் படித்தவர்கள்தானே. உபாத்தியாயர் சொல்வார், வகுப்பு முழுதும் திருப்பிச் சொல்லும். ஸ்பெல்லிங் மனப்பாடம் ஆகும். ஐந்து வருஷம் கழித்து, ‘உன் பெயர் என்ன?’ என்று ஒருவர் ஆங்கிலத்தில் கேட்டால் பிள்ளை தரையைப் பார்க்கும். பிள்ளைக்கு மூளை இல்லை என்று இதற்கு அர்த்தமில்லை. அந்தக் கேள்வியை அதுவரை யாரும் உண்மையாகவே அதனிடம் கேட்டதில்லை என்றுதான் அர்த்தம்.

கொடைக்கானல் ஏரிக்கரைக்குப் போய்ப் பாருங்கள். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்ட குதிரைக்காரனும் படகுத்துறைப் பையனும் ஆங்கிலமும் இந்தியும் மலையாளமும் பேசி வாடிக்கை பிடிக்கிறார்கள். பத்து வருஷம் வகுப்பில் உட்கார்ந்தவனுக்கு வராதது பத்து மாதம் ஏரிக்கரையில் நின்றவனுக்கு வந்துவிடுகிறது. பிள்ளைகளை வேலைக்கு அனுப்பலாம் என்று நாம் சொல்வதாக யாரும் திரித்துவிட வேண்டாம். தேவை ஏற்பட்டால், எதிரில் ஒரு மனிதன் பதிலுக்குக் காத்திருந்தால், மொழி தானே வாயில் வருகிறது. ஏரிக்கரையில் அந்தத் தேவையைப் பசி உண்டாக்குகிறது. பள்ளியில் அதை விளையாட்டு உண்டாக்கலாம்.

இன்னொரு சாட்சியும் உண்டு. மலைக்கு வந்த பாதிரிமார் பிள்ளைகளில் பலர் நல்ல தமிழ் பேசினார்கள். அவர்களுக்குத் தமிழ் இலக்கணம் நடத்தியவர் யார்? தூக்கி வளர்த்த ஆயாக்களிடமும், தோட்டக்காரர் பிள்ளைகளிடமும் ஓடி விளையாடித்தான் அவர்கள் தமிழ் கற்றார்கள். வெள்ளைக்காரப் பிள்ளைக்குத் தமிழ் அப்படி வந்ததென்றால் நம் பிள்ளைக்கு ஆங்கிலம் வர மட்டும் வேறு மந்திரமா வேண்டும்?

மூடிய கைக்குள் என்ன?

விளையாட்டாகச் சொல்லிக் கொடுப்பது என்றதும் பலர் நினைப்பது ஆங்கிலக் குழந்தைப் பாட்டுகளை. கையைக் காலை ஆட்டிக்கொண்டு அர்த்தம் தெரியாமல் பாடுவதை. வானம் பார்த்த பூமியில் பிறந்த பிள்ளையை நிற்கவைத்து, மழையைப் போ போ என்று விரட்டுகிற பாட்டைப் பாடச் சொல்கிறார்கள்! அதைக் கேட்டுத் தாய் தகப்பன் பூரித்துப் போகிறார்கள். பாட்டு நாக்கைப் பழக்கும், அவ்வளவுதான். பேச்சு வேறு.

வகுப்பில் உபாத்தியாயர் புத்தகத்தைத் தூக்கிக் காட்டி ‘வாட் இஸ் திஸ்?’ என்கிறார். ‘திஸ் இஸ் எ புக்’ என்கிறது வகுப்பு. அது புத்தகம் என்று அவருக்கும் தெரியும், பிள்ளைகளுக்கும் தெரியும். தெரிந்ததைத் தெரிந்தவன் தெரிந்தவனிடம் கேட்பதற்குப் பேச்சு என்று பெயரா? இப்போது ஒரு பிள்ளை கையை மூடிக்கொண்டு நிற்கட்டும். உள்ளே புளியங்கொட்டை இருக்கலாம், கல் இருக்கலாம், காப்பிக்கொட்டை இருக்கலாம். மற்றவர்கள் கண்டுபிடிக்க வேண்டும். ‘இஸ் இட் எ ஸ்டோன்?’ ‘நோ.’ ‘இஸ் இட் பிளாக்?’ ‘நோ.’ ‘இஸ் இட் எ சீட்?’ ‘எஸ்!’ அந்த ‘எஸ்’ வரும்போது வகுப்பு போடுகிற கூச்சலைக் கேட்க வேண்டும். இங்கே கேள்வி உண்மையான கேள்வி. பதில் உண்மையான பதில். தெரியாததைத் தெரிந்துகொள்ளத்தான் மனிதன் வாயைத் திறக்கிறான். முறையின் உயிர்நாடி இதில் இருக்கிறது. மற்றதெல்லாம் இதன் கிளைகள்.

கண்ணைக் கட்டிய பிள்ளைக்கு மற்றொரு பிள்ளை ‘லெஃப்ட்’, ‘ரைட்’, ‘ஸ்டாப்’ என்று சொல்லி மேசை நாற்காலிக்கு நடுவில் வழி நடத்துகிறது. தவறாகச் சொன்னால் முட்டிக்கொள்ளும், ஆகவே தவறாகச் சொல்லாது. முதுகோடு முதுகாக இரண்டு பேரை உட்கார வைத்து, ஒருவன் தான் வரைந்த படத்தை வார்த்தையால் சொல்ல, மற்றவன் பார்க்காமலே வரைகிறான்: ஒரு மலை, மலைமேல் இரண்டு மரம், கீழே ஒரு பஸ். பாண்டிக் கட்டத்தில் எண்ணுக்குப் பதில் படம் போட்டு, சில்லு விழுந்த கட்டத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டே நொண்டியடிக்கலாம். நம் கிராமத்து ஆட்டங்களில் எதிரெதிர் வரிசையாக நின்று கேள்வியும் பதிலுமாகப் பாடி ஆடுகிறவை எத்தனை இருக்கின்றன! ஒரே வாக்கியம் ஒரு சொல் மட்டும் மாறி மாறித் திரும்ப வருகிறது அவற்றில். மொழிப் பயிற்சிக்கு இதைவிட நல்ல ஏற்பாடு எந்தப் பண்டிதனும் செய்துவிட முடியாது. நம்முடைய பாட்டிமார் செய்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

சந்தை ஆட்டம் மலைப் பிள்ளைகளுக்கென்றே அமைந்தது போன்றது. நம் ஊர்ச் சந்தைகளில் ‘இங்கிலீஷ் காய்’ என்று ஒரு ரகம் உண்டு. கேரட், பீன்ஸ், பீட்ரூட், காலிஃப்ளவர். பூம்பாறைப் பிள்ளை பிறந்ததிலிருந்து இந்த வார்த்தைகளோடு வளர்கிறது. தனக்கு ஆங்கிலம் தெரியும் என்பது மட்டும் அதற்குத் தெரியாது. லேக், போட், பார்க், ரோடு, எஸ்டேட், டிக்கெட் என்று கணக்கெடுத்தால் ஒன்றாம் வகுப்பில் காலெடுத்து வைக்கும்போதே நூறு சொல் தேறும். தெரிந்த நாலு சொல்லோடு ‘கார்லிக்’ என்ற ஒரு புதுச் சொல்லைச் சேர்த்துக் கடை போடுங்கள். ஒரு பிள்ளை வியாபாரி, ஒரு பிள்ளை விவசாயி. ‘ஹவ் மச்?’ ‘ஃபைவ் ருபீஸ்.’ ‘நோ, டூ லோ!’ ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் காய்க்கு என்ன விலை வைத்தார்கள் என்று வீட்டில் புலம்பக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு இந்தக் கடைசி வாக்கியத்தை யாரும் உணர்ச்சியோடு சொல்லச் சொல்லித் தர வேண்டியதில்லை.

உத்தரவு ஆட்டமும் உண்டு. ‘ராஜா சொல்கிறார்’ என்ற முன்மொழியோடு வருகிற கட்டளையை மட்டும் செய்ய வேண்டும், மற்றதைச் செய்தால் அவுட். ‘ஜம்ப்’, ‘டர்ன்’, ‘டச் யுவர் நோஸ்’. உலகமெங்கும் ஆடுகிறார்கள் இதை. நமக்கு இதில் பிடித்த கட்டம் பின்பாதி: ஜெயித்த பிள்ளை ராஜாவாகிறது, உபாத்தியாயர் உட்பட எல்லோரும் அது சொன்னபடி குதிக்க வேண்டும். டோலி சுமந்தவனின் கொள்ளுப்பேரன் ஆங்கிலத்தில் உத்தரவு போடுகிறான், பெரியவர் ஒருவர் கீழ்ப்படிகிறார்! ஒரு மணி நேர வேடிக்கைதான் என்றாலும் அந்தப் பிள்ளையின் முதுகெலும்பில் அது போய் உட்கார்ந்துகொள்கிறது.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஆட்டத்தில் தவறு செய்தவன் சிரிக்கிறான். வகுப்பில் தவறு செய்தவன் தலை குனிகிறான். நம் ஜனங்களின் நாக்கைக் கட்டி வைத்திருப்பது இலக்கணமல்ல, வெட்கம். நாலு தலைமுறையாக ஊட்டப்பட்ட வெட்கம் அது.

புதுச் சரக்கா இது?

மேல்நாட்டிலிருந்து இறக்குமதியான மோஸ்தர் என்று இதைத் தள்ளுகிறவர்கள் உண்டு. விவரம் தெரியாதவர்கள். 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில், அன்றைய சென்னை ராஜ்யத்தில், ஆரம்ப வகுப்புகளில் ஆங்கிலம் நடத்துகிற 27,000 உபாத்தியாயர்களுக்கு மறுபயிற்சி கொடுக்க ஒரு பெரிய இயக்கம் நடந்தது. சிலரைப் பழக்கி, அவர்கள் பலரைப் பழக்கி, அவர்கள் இன்னும் பலரைப் பழக்குவது ஏற்பாடு. பனிப்பந்து உருளஉருளப் பெருப்பது போல என்று அதற்கு ‘ஸ்னோபால்’ என்று பெயரிட்டார்கள். சென்னை வெயிலில் உட்கார்ந்துகொண்டு வைத்த பெயர்! மார்கழியில் உறைபனி காண்கிற கொடைக்கானல்காரருக்கே பனிப்பந்து தெரியாது. எண்ணிக்கையில் அது பெரிய சாதனை. ஆனால் உருளஉருளப் பந்து பெருத்ததே ஒழிய, கடைசிப் படியில் இருந்த கிராமத்து உபாத்தியாயருக்குப் போய்ச் சேரும்போது சாரம் இளைத்துவிடுகிறது. மேலேயிருந்து படிப்படியாக இறக்குகிற எல்லாப் பயிற்சிக்கும் உள்ள நோய் இது, இன்றும் தீரவில்லை.

1979 முதல் 1984 வரை என். எஸ். பிரபு என்பவர் பெங்களூர், சென்னை, கடலூர் ஆகிய ஊர்களின் சாதாரணப் பள்ளிகளில் ஒரு பரீட்சை செய்து பார்த்தார். இலக்கணப் பாடத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, பிள்ளைகளுக்கு ரயில்வே கால அட்டவணை, ஊர் வரைபடம் போன்றவற்றைக் கொடுத்து, யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டிய புதிர்களை ஆங்கிலத்தில் போட்டார். புத்தி புதிரில் ஈடுபட்டிருக்கும்போது மொழி தானே படிகிறது என்பது அவர் கண்ட முடிவு. ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கும் வித்தையைப் பற்றி உலகத்தின் எந்த மூலையில் பேசினாலும் இன்று அந்தப் பெங்களூர்ப் பரீட்சையைக் குறிப்பிடாமல் பேசுவதில்லை. சரக்கு நம்முடையது, மேல்நாட்டு முத்திரை குத்தித் திரும்பி வந்தால்தான் நமக்குக் கண் தெரிகிறது.

2003-இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் ஆரம்பித்த செயல்வழிக் கற்றல், 2007-இல் மாநிலமெங்கும் 37,000-க்கு மேற்பட்ட தொடக்கப் பள்ளிகளுக்குப் போயிற்று. பிள்ளைகள் தரையில் வட்டமாக உட்கார்ந்து, அட்டைகளை எடுத்து, தம் வேகத்தில் கற்றார்கள். பிள்ளைகளின் கைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை வந்தது. கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்த பிறகு, 2021-இல் இல்லம் தேடிக் கல்வியும், 2022-இல் எண்ணும் எழுத்தும் திட்டமும் வந்தன. எண்ணும் எழுத்தில் தமிழ், கணக்கு, ஆங்கிலம் மூன்றையும் ஆடல் பாடல் பொம்மலாட்டத்தோடு நடத்துவது, பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று அவரவர் நிலைக்கேற்பப் பிரித்துக் கற்பிப்பது என்று வகுத்தார்கள். நல்ல காரியங்களை நல்லவை என்று சொல்ல நாம் தயங்குவதில்லை. சர்க்கார் காகிதத்தில் இருப்பது சரிதான். காகிதத்துக்கும் கிளாவரைக்கும் நடுவில் உள்ள தூரத்தைப் பற்றித்தான் நம் வழக்கு.

நம் பக்கத்து ஆட்சேபங்கள்

‘விளையாடவா பள்ளிக்கூடம் அனுப்புகிறோம்?’ என்று கேட்கிற தகப்பனாரை நமக்குத் தெரியும். அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. தன் கூலியில் பிடித்து மிச்சம் பண்ணிப் படிக்க வைக்கிறார்; பிள்ளை பொழுதைப் போக்கிவிட்டு வந்தால் வயிறு எரிகிறது. ஆனால் ஒன்றைக் கவனிக்கக் கேட்கிறோம். பணக்காரன் வீட்டுப் பிள்ளை விளையாடினால் அது கல்வி முறை. ஏழை வீட்டுப் பிள்ளை விளையாடினால் அது சேட்டை. இந்தப் பாகுபாடு யார் செய்தது? சோவியத் நாட்டு மனோதத்துவ அறிஞர் வைகாட்ஸ்கி 1933-இல் லெனின்கிராடில் ஆற்றிய சொற்பொழிவில், விளையாடும்போது பிள்ளை தன் வயதுக்கு மேற்பட்ட ஆளாக நடந்துகொள்கிறது என்று விளக்கினார். கடைக்காரனாக நடிக்கிற பிள்ளை கணக்கில் தவறக்கூடாது என்று தன்னையே கட்டுப்படுத்திக்கொள்கிறது. வகுப்பில் அதே பிள்ளையை அப்படி உட்கார வைக்கப் பிரம்பு தேவைப்படுகிறது.

இரண்டாவது ஆட்சேபம் இன்னும் கனமானது. தமிழுக்காகப் பாடுபட்டவர்கள், ஆட்சியிலும் கோர்ட்டிலும் கல்லூரியிலும் தமிழ் வர வேண்டும் என்று சொல்கிறவர்கள், ஆங்கிலத்துக்கு வக்காலத்து வாங்கலாமா? ஆங்கிலத்தைக் கற்பது வேறு. ஆங்கிலத்தில் கற்பது வேறு. கணக்கையும் விஞ்ஞானத்தையும் சரித்திரத்தையும் பிள்ளை தன் தாய்மொழியில்தான் கற்க வேண்டும். மண்ணில் வேர் பிடித்த பிறகுதான் ஒட்டுக் கட்ட முடியும் என்பது மலைத் தோட்டக்காரருக்குத் தெரியாததா? வைகாட்ஸ்கியும் இதையே சொன்னார்: அந்நிய மொழி கற்பவன் தாய்மொழியில் தான் சேர்த்து வைத்த அர்த்தங்களின் மேல்தான் ஏறி நிற்கிறான். ஆகவே விளையாட்டின் விதியைத் தமிழில் சொல்லுங்கள், ஆட்டத்தை ஆங்கிலத்தில் ஆடுங்கள். தமிழில் பேசிய பிள்ளைக்கு அபராதம் போடுகிற பள்ளி, மொழி சொல்லித் தரவில்லை. தன் தாயைப் பற்றி வெட்கப்படச் சொல்லித் தருகிறது.

2012-13 முதல் சர்க்கார் பள்ளிகளிலேயே ஆங்கில வழிப் பிரிவுகள் திறக்கப்பட்டன. தனியார் நர்சரிக்குப் பிள்ளைகள் ஓடுவதைத் தடுக்க என்று காரணம் சொன்னார்கள். திண்டுக்கல் மில்லில் ராத்திரி ஷிப்ட் பார்க்கிற தொழிலாளி மனைவியின் தோட்டை அடகு வைத்து டை கட்டிய பள்ளிக்குப் பிள்ளையை அனுப்புகிறார். அவரைக் குறை சொல்ல நமக்கு வாய் வராது. அவர் தேடுவது ஆங்கில வழியை அல்ல, ஆங்கிலத்தை. இரண்டும் ஒன்று என்று அவரை நம்பவைத்து வியாபாரம் நடக்கிறது. தமிழ் வழியில் படிக்கிற பிள்ளையே தடங்கலில்லாமல் ஆங்கிலம் பேசிக் காட்டிவிட்டால் அந்த வியாபாரத்தில் பாதி படுத்துவிடும்.

பேசத் தெரிந்தவன் குரல்

ஆங்கிலம் எதற்கு வேண்டும் என்று கொடைக்கானல் தொழிலாளியைக் கேளுங்கள். 1980-களில் அமெரிக்காவிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து இங்கே நட்ட தெர்மாமீட்டர் ஆலை பின்னாளில் இந்துஸ்தான் லீவரின் கைக்கு வந்தது. பாதரசம் படிந்த உடைந்த கண்ணாடி 7 டன்னுக்கு மேல் மூஞ்சிக்கல் பழைய இரும்புக் கடையில் கிடந்தது 2001 மார்ச்சில் அம்பலமாயிற்று. ஆலை மூடப்பட்டது. வேலை பார்த்தவர்கள் தமிழில் கோஷமிட்டார்கள், தமிழில் மனுக் கொடுத்தார்கள், கோர்ட்டுக்குப் போனார்கள். வருஷங்கள் ஓடின. 2015-இல் சென்னைப் பெண் சோஃபியா அஷ்ரஃப் ஆங்கிலத்தில் ஒரு பாட்டுப் பாடினார். இணையத்தில் லட்சக்கணக்கானவர்கள் அதைப் பார்த்தார்கள். கடல் கடந்து கம்பெனித் தலைமையகத்தின் காதில் விழுந்தது. 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களோடு கம்பெனி உடன்பாடு செய்துகொண்டது. பாட்டு ஒன்றே வென்று கொடுத்தது என்று சொல்ல மாட்டோம். பதினைந்து வருஷம் விடாமல் நின்றவர்கள் தொழிலாளர்கள். ஆனால் முதலாளி உட்கார்ந்திருக்கிற இடத்தில் கேட்கிற பாஷையில் அதே வார்த்தையைச் சொல்ல, தொழிலாளி வீட்டிலேயே நாலு பேர் இருந்திருக்க வேண்டும் என்று நாம் ஆசைப்படுவது குற்றமா?

இது மலையோடு நிற்கிற விஷயமும் அல்ல. பி.எஃப். மனு, வேலை நியமன உத்தரவு, ஆஸ்பத்திரிச் சீட்டு, பேங்க் நோட்டீஸ் ஆகியவற்றை எடுத்துக்கொண்டு யாராவது படித்துச் சொல்ல மாட்டார்களா என்று தேடுகிற ஆலைத் தொழிலாளி எத்தனை பேர்! இவற்றைத் தமிழில் கொடு என்று போராட வேண்டும். போராடி ஜெயிக்கிற வரையில் ஏமாறாமலிருக்கவும் வேண்டும்.

உபாத்தியாயர் வயிறு

விளையாட்டுக்குச் செலவு இல்லை என்று சொன்னதும் நிதி இலாகாவுக்கு முகம் மலரும். சில்லுக்கும் புளியங்கொட்டைக்கும் செலவில்லை, உண்மை. ஆடவைக்கிற ஆளுக்குச் செலவு உண்டு. மனப்பாடம் பண்ணவைக்க ஒரு பிரம்பும் பாதித் தூக்கமும் போதும். விளையாட்டாக மொழி கற்பிக்கிறவர் முழு விழிப்போடு இருக்க வேண்டும், எந்தப் பிள்ளை வாய் திறக்காமல் ஒதுங்குகிறது என்று பார்க்க வேண்டும், நாளைக்கு எந்த ஆட்டம் என்று ராத்திரியே யோசிக்க வேண்டும். முதலில் அவருக்கே ஆங்கிலத்தில் நாலு வார்த்தை கூசாமல் பேச வர வேண்டும். வட்டார ஆபீஸில் ஒரு நாள் உட்காரவைத்துப் படம் காட்டி அனுப்புகிற பயிற்சியில் இது வராது. அவரும் ஆடிப் பார்த்துத்தான் கற்க வேண்டும்.

2019 ஜனவரியில் 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகளை சர்க்கார் ஆரம்பித்தது. மூன்று நாலு வயசு, மொழி ஒட்டிக்கொள்கிற வயசு. மிக நல்ல ஏற்பாடு. அதற்குப் பிற்பாடு நியமித்த தற்காலிக ஆசிரியர்களுக்கு வைத்த சம்பளம் மாதம் 5,000 ரூபாய்! இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலருக்குக் கொடுத்தது 1,000 ரூபாய். பட்டம் பெற்ற ஏழைப் பெண்களின் உழைப்பை ‘சேவை’ என்ற பெயரில் அடிமாட்டு விலைக்கு வாங்குவது இது. தேயிலைத் தோட்டக் கங்காணி கூட இவ்வளவு சாமர்த்தியமாகப் பேரம் பேசியதில்லை. குழந்தையைச் சிரிக்கவைத்துக் கற்பிக்க வேண்டியவள் மாதக் கடைசியில் பஸ்ஸுக்குக் காசில்லாமல் நின்றால், எந்த விளையாட்டு விளையாடுவாள்?

ஆகவே நாம் கேட்கிறோம்: மலைப் பள்ளிகளுக்குத் தலைக்கணக்குப் பார்க்காமல் குறைந்தது மூன்று ஆசிரியர், அதில் ஒருவர் முதல் இரண்டு வகுப்புகளுக்கென்றே. தற்காலிக ஆசிரியைகளுக்கு நிரந்தர வேலை, காலமுறை ஊதியம். மலையில் தங்க வீடு, மலைப்படி. தண்டனைக்கு அனுப்புகிற இடமாக மலையை வைத்திருக்கிற வழக்கம் ஒழிய வேண்டும். 2022 செப்டம்பரில் தொடங்கிய காலைச் சிற்றுண்டி போல இதுவும் பிள்ளைகளின் உரிமை என்று நிலைபெற வேண்டும். அதைப் பற்றி ஒரு வார்த்தை: குளிரில் மூன்று மைல் நடந்து வந்த பிள்ளை காலி வயிற்றோடு குதித்து ஆடாது. சூடான பொங்கலும் ஆங்கிலப் பாடத்தின் ஒரு பகுதிதான்.

சர்க்கார் கொடுக்கிற வரையில் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. கொடைக்கானல் ஹோட்டல்களில் வேலை பார்க்கிறவர்கள், வழிகாட்டிகள், டாக்ஸி டிரைவர்கள், குதிரைக்காரர்கள் ஆகியோரிடம் பேச்சு ஆங்கிலம் இருக்கிறது. மே மாத சீசன் ஓய்ந்த பிறகு, சாயங்காலம் ஒரு மணி நேரம் அவர்கள் சங்க ஆபீஸிலோ ஊர்ச் சாவடியிலோ பிள்ளைகளோடு உட்காரலாம். ‘எங்களுடையது தப்பு இங்கிலீஷ்’ என்று தயங்குவார்கள். தயங்க வேண்டாம். பேசத் துணிந்த இங்கிலீஷ் அது. எழுத்துத் திருத்தத்தை உபாத்தியாயர் பார்த்துக்கொள்வார். சமவெளியில் மில் லைன்களிலும் இதையே செய்யலாம். கைப்பேசியில் செயலி இருக்கிறதே என்று சிலர் சொல்கிறார்கள். 2020-இல் சிக்னல் தேடி மலைப் பிள்ளைகள் பாறை பாறையாக ஏறியதை நாம் மறந்துவிடவில்லை. மேலும் செயலி கண்ணைக் கட்டிக்கொண்டு ஓடி வந்து நம்மேல் முட்டிச் சிரிக்காது.

ஒவ்வொரு சர்க்கார் பள்ளியிலும் கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. அதில் பெற்றோர்களே பெரும்பான்மை; அவர்களில் சரிபாதிக்குக் குறையாமல் பெண்கள். கூட்டத்துக்குக் கையெழுத்துப் போட மட்டும் போகிறவர்கள் அடுத்த முறை சில கேள்விகள் கேட்கட்டும். ஒன்று இரண்டாம் வகுப்பில் ஆங்கிலம் எத்தனை நேரம் நடக்கிறது, அதில் பிள்ளை பேசுகிற நேரம் எவ்வளவு? அட்டைகளும் பொம்மைகளும் பெட்டியிலிருந்து வெளியே வந்தனவா, அல்லது அதிகாரி வருகிற அன்றைக்கு மட்டும் வருகின்றனவா? காலியாக உள்ள இடம் எத்தனை, எத்தனை மாதமாக? பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லி, அதன் நகலை வட்டாரக் கல்வி அலுவலருக்கு அனுப்ப வேண்டும். கூலிக்குப் போகிற பெண்கள் வர முடியாத நேரத்தில் கூட்டம் போட்டால், பொழுது சாய்ந்த பிறகு போடும்படி தலைமை ஆசிரியரிடம் முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும்.